நகரும் ஆஸ்பத்திரி: தீவுகளின் துயரம் தோட்டங்களுக்குச் சொல்லும் பாடம்

தீவு என்றால் என்னவென்று கேட்டால், நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் என்று ஆரம்பப் பள்ளிப் பிள்ளையும் பதில் சொல்லும். பூகோளப் பாடத்துக்கு அந்த விடை போதும். வைத்தியப் பாடத்துக்குப் போதாது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வழியில்லாமற் போகிற எந்த இடமும் அந்த நேரத்துக்குத் தீவுதான். பெருஞ்சாலையிலிருந்து நாலு கட்டை உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஓடைப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய், மின்கம்பியின் மேல் ஒரு மரமும் சாய்ந்துவிட்டால், லயத்தில் இருக்கும் அத்தனை பேரும் தீவுவாசிகள் ஆகிவிடுகிறார்கள்.

இது வெறும் கற்பனையன்று. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் பெய்த பெருமழையில் சிலாங்கூர், பகாங் முதலிய மாநிலங்களோடு நமது நெகிரி செம்பிலானும் வெள்ளத்தின் கொடுமையை அனுபவித்தது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 2014 டிசம்பரில், கிளந்தானில் கோலக்கிராய் ஆஸ்பத்திரியையே வெள்ளம் சூழ்ந்துகொண்டது. நோயாளியைக் காக்க வேண்டிய ஆஸ்பத்திரியே தனித்தீவாகி, பிறருடைய உதவியை எதிர்பார்த்து நின்றது. ஆகவே, இம்மாதப் பாடமாக நகரும் ஆஸ்பத்திரி என்னும் பொருளை எடுத்துக்கொண்டோம். தீவு மக்கள் பட்ட பாட்டிலிருந்து தோட்ட மக்களாகிய நாம் கற்க வேண்டியது யாது என்பதே நமது கேள்வி.

தனுஷ்கோடி: ஆஸ்பத்திரியும் போன இரவு

நம்மில் பலருடைய முன்னோர்கள் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குத் தனுஷ்கோடியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையில் ரயில் நிலையம், சுங்கச் சாவடி, தபால் நிலையம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று சகல வசதிகளோடும் இருந்த துறைமுக ஊர் அது. சென்னையிலிருந்து வரும் பயணிகள் அங்கே இறங்கி, கப்பலேறித் தலைமன்னாருக்குப் போவார்கள்.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய புயல் அந்த ஊரை ஒரே இரவில் அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் ரயிலைக் கடல் அலை விழுங்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீவையும் நிலப்பரப்பையும் இணைத்த ஒரே பாலம் 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம். அதன் உத்திரங்களில் 126 கடலில் போயின. சாலைப்பாலம் அப்போது கிடையாது. அது 1988-இல்தான் திறக்கப்பட்டது. இ. ஸ்ரீதரன் என்ற இளம் இஞ்சினியரின் பொறுப்பில் ரயில் பாலம் 46 நாட்களில் சீர்செய்யப்பட்டது. இஞ்சினியரிங் உலகத்தில் அது பெருஞ்சாதனை. ஆனால் முறிந்த தொடையெலும்பு 46 நாள் காத்திராது. பிரசவ வேதனையோ 46 மணி நேரமும் பொறுக்காது.

இங்கே முதற்பாடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பேரிடர் என்பது மக்களை மட்டும் காயப்படுத்துவதில்லை. பாலம், தந்திக்கம்பி, ஆஸ்பத்திரி, அதில் வேலை பார்க்கும் டாக்டர், நர்ஸ் ஆகிய எல்லாவற்றையும் ஒரே அடியில் அடிக்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியின்போது நாகப்பட்டினம் அரசு ஆஸ்பத்திரிக்குள்ளேயே கடல்நீர் புகுந்தது. அன்றைக்கு நாகூர் தர்கா வளாகம் வீடிழந்தோருக்குத் தங்குமிடமாயிற்று. மாண்டவர்களை மத பேதம் பாராமல் அடக்கம் செய்யவும் தர்காவின் நிலம் இடம் கொடுத்தது. அருகில் இருப்பவர்களே முதல் உதவியாளர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நகரும் ஆஸ்பத்திரி என்பது யாது?

கூடாரம் அடித்து, உள்ளே நாலு கட்டில் போட்டு, வாசலில் சிவப்புக் கொடி கட்டிவிட்டால் அது ஆஸ்பத்திரி ஆகிவிடாது. 2010-ஆம் ஆண்டு ஹெய்த்தித் தீவு நாட்டில் பூகம்பம் உண்டானபோது, உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் வைத்தியக் குழுக்கள் விரைந்தன. திறமையுள்ளவர்களும் வந்தார்கள், போதிய கருவியோ பயிற்சியோ இல்லாதவர்களும் வந்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு, 2013-இல் உலக சுகாதார ஸ்தாபனம் இத்தகைய குழுக்களை மூன்று தரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச அளவுகளை வகுத்தது.

முதல் தரம், வெளிநோயாளிகளைப் பார்ப்பது. ஓரிடத்தில் தங்குகிற குழுவானால் நாளொன்றுக்கு 100 பேரையும், இடம் மாறிக்கொண்டே இருக்கும் குழுவானால் 50 பேரையும் பார்க்கத் திராணி வேண்டும். இரண்டாம் தரம், இராப்பகல் இயங்குவது. குறைந்தது 20 படுக்கைகளும், ஓர் அறுவைசிகிச்சை மேசையும் அதற்கு வேண்டும். நாளொன்றுக்கு 7 பெரிய அறுவைசிகிச்சைகளோ 15 சிறிய அறுவைசிகிச்சைகளோ செய்ய இயல வேண்டும். மூன்றாம் தரம், 40 படுக்கைகளும் இரண்டு அறுவைசிகிச்சை மேசைகளும், அபாய நிலையில் உள்ளோருக்குத் தனிப்பிரிவும் கொண்டது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு. வருகிற குழு, அல்லற்பட்டுக் கிடக்கும் ஊரின் சோற்றையும் தண்ணீரையும் மின்சாரத்தையும் பங்கு கேட்கக் கூடாது. தனக்கு வேண்டியதைத் தானே கொண்டுவர வேண்டும். விருந்துக்குப் போகிறவன் அரிசி கொண்டு போவதில்லை. ஆனால் எரிந்த வீட்டுக்குப் போகிறவன் கொண்டு போகத்தான் வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

தயாரிப்பு என்றால் என்னவென்று விளங்க, ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிவாரணப் பணிக்கென்று உலகம் ஒப்புக்கொண்ட அளவுகளின்படி, படுக்கையில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டர் தண்ணீர் வேண்டும். வெளிநோயாளிக்கு 5 லிட்டர். ஓர் அறுவைசிகிச்சைக்கு 100 லிட்டர்.

இரண்டாம் தர ஆஸ்பத்திரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 20 படுக்கைக்கு 60 லிட்டர் வீதம் 1,200 லிட்டர். 100 வெளிநோயாளிகளுக்கு 500 லிட்டர். 7 அறுவைசிகிச்சைகளுக்கு 700 லிட்டர். ஆக 2,400 லிட்டர். வேலை செய்வோர் 60 பேர் என்று வைத்து, தலைக்கு 15 லிட்டர் வீதம் 900 லிட்டர் சேர்த்தால், மொத்தம் 3,300 லிட்டர். இதன் எடை மூன்று டன்னுக்கு மேல். மூன்று வாரத்துக்கு ஏறத்தாழ 69 டன்! இதை எந்த ஹெலிகாப்டர் சுமக்கும்?

ஆகையால் தண்ணீரைச் சுமந்து செல்வதில்லை. ஊரில் கிடைக்கும் ஆற்று நீரையோ கடல் நீரையோ சுத்திகரிக்கும் யந்திரத்தைச் சுமந்து செல்கிறார்கள். அந்த யந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். ஜெனரேட்டருக்கு எண்ணெய் வேண்டும். அதை ஓட்டத் தெரிந்த மெக்கானிக்கு வேண்டும். டாக்டர் இல்லாமல் ஆஸ்பத்திரி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மெக்கானிக்கு இல்லாமலும் ஆஸ்பத்திரி இல்லை என்பதை இந்தக் கணக்கு நமக்குக் கற்பிக்கிறது.

வாகனம் இல்லாத படை

நகரும் ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்துவிட்டால் அது நகர்ந்துவிடாது. இதற்கு ஒரு தமிழரின் சரித்திரம் சாட்சி. கொரிய யுத்தத்தின்போது, 1950-ஆம் ஆண்டு நவம்பரில், இந்தியாவின் 60-ஆவது பாரசூட் களவைத்தியப் படை அங்கே போய்ச் சேர்ந்தது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். டிசம்பரில் பியோங்யாங் நகரத்திலிருந்து எல்லாப் படைகளும் பின்வாங்க நேர்ந்தது. கருவிகளை ஏற்ற இவர்களுக்கு லாரிகள் இல்லை. கருவிகளைப் போட்டுவிட்டு ஆட்கள் மட்டும் தப்பிப் போவதே எளிய வழி.

அவர்கள் அப்படிச் செய்யவில்லை. நிலையத்தில் கிடந்த பழைய நீராவி இஞ்சினையும் சில பெட்டிகளையும் தேடிப் பிடித்தார்கள். வரிசையாக நின்று, வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றிக் கொதிகலனை நிரப்பினார்கள். படையில் இஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்பாக அந்த ரயில் ஆற்றைக் கடந்தது. கருவிகள் தப்பியதால், அந்தப் படை பின்னர் ஆயிரக்கணக்கானோருக்குச் சிகிச்சை செய்ய முடிந்தது. ரங்கராஜுக்கு மகா வீர சக்கரம் வழங்கப்பட்டது.

இந்தச் சரித்திரத்தில் வீரத்தைக் காட்டிலும் நாம் கவனிக்க வேண்டியது, தண்ணீர் வாளியை எடுத்து நின்ற கைகளையும், இஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்களையும்தான். ஊருக்கு ஆபத்து வரும்போது யாருக்கு என்ன வேலை தெரியும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது பாதி ஆஸ்பத்திரிக்குச் சமம்.

நேரம் என்னும் சத்துரு

சுமத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் இரு தீவுகள் உள்ளன: நியாஸ், சிமுலு. நமது போர்ட்டிக்சன் கடற்கரைக்கு எதிரே இருக்கும் அதே சுமத்திராதான். இவ்விரு தீவுகளும் நமக்கு இருவேறு பாடங்களைச் சொல்லுகின்றன.

2005 மார்ச் 28-ஆம் தேதி இரவு நியாஸ் தீவைப் பூகம்பம் குலுக்கியது. 900-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குனுங்சித்தோலி பட்டணத்தில் கட்டடங்கள் சரிந்தன. வெளிநாடுகள் உதவிக்கு விரைந்தன. ஆனால் கடலைக் கடந்து போவது எளிதன்று. ஏப்ரல் 2-ஆம் தேதி நிவாரணப் பணிக்கு வந்த ஆஸ்திரேலியக் கடற்படையின் ஹெலிகாப்டர் ஒன்று அத்தீவிலேயே விழுந்து, உதவி செய்ய வந்த ஒன்பது பேர் உயிர்நீத்தனர். தீவுக்கு உதவி போவது அத்தனை அபாயமான காரியம்.

பேரிடரில் நசுங்கியவர்களும் இரத்தம் ஒழுகுபவர்களும் பெரும்பாலும் முதல் நாளிலேயே பிழைக்கிறார்கள் அல்லது மடிகிறார்கள். தொலைவிலிருந்து வரும் ஆஸ்பத்திரி 24 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கினாலன்றி, அந்த முதல் காயங்களுக்கு அது உதவாது என்பதை 2003-ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார ஸ்தாபனத்தின் அமெரிக்கப் பிரிவு வெளியிட்ட வழிகாட்டி எடுத்துச் சொன்னது. அப்படியானால் நகரும் ஆஸ்பத்திரி வீணா? வீண் அன்று. பின்னால் வரும் சீழ்பிடித்த காயம், பிரசவம், வயிற்றுப்போக்கு, நின்றுபோன நீரிழிவு மருந்து ஆகியவற்றுக்கு அதுவே கதி. ஆனால் முதல் நாள் நம்முடையது. அந்த நாளை யாரும் விமானத்தில் கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள்.

இனிச் சிமுலுவைப் பாருங்கள். 2004-ஆம் ஆண்டின் சுனாமி பிறந்த இடத்துக்கு மிக அருகில் இருந்த தீவு அது. ஏறத்தாழ 78,000 ஜனங்கள். மாண்டவர்களோ ஏழு பேர் மட்டுமே. காரணம் யாது? 1907-இல் அங்கே கடல் பொங்கிப் பலரைக் கொண்டுபோயிருந்தது. அந்த அனுபவத்தைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக நடுங்கி, கடல் பின்வாங்கினால், 'ஸ்மோங்' என்று கூவிக்கொண்டு குன்றுக்கு ஓட வேண்டும். அவ்வளவுதான் அந்தப் பாடம். யந்திரமும் இல்லை, சைரனும் இல்லை. சம்பளம் வாங்காத ஆசிரியர்கள் 97 ஆண்டுகள் நடத்திய வகுப்பு அது.

சிறு காயமும் பெரு நஷ்டமும்

சுனாமிக்குப் பிறகு ஆச்சேயில் 106 பேருக்கு வில்வாத ஜன்னி கண்டது. அவர்களில் 20 பேர் மாண்டனர். கடலிலிருந்து தப்பியவர்கள், ஆணி குத்திய காயத்தாலும் தகரம் கிழித்த காயத்தாலும் உயிரிழந்தார்கள். சேறு பட்ட காயத்தை அவசரப்பட்டுத் தைத்து மூடிவிட்டால், அழுக்கு உள்ளேயே தங்கிச் சீழ் பிடிக்கும். சுத்தமான நீரை ஏராளமாக ஊற்றிக் கழுவி, சுத்தமான துணியால் மூடி, தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்து, சில நாள் கழித்து டாக்டர் பார்த்துத் தைப்பதே முறை. இரத்தம் பீறிட்டால் மட்டும் துணி வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தோட்டத்தில் உளியும் அரிவாளும் பிடிப்பவர்களுக்கு இது வெள்ளக் காலத்தில் மட்டுமன்று, என்றைக்கும் வேண்டிய அறிவு.

மருந்து தானத்தில் ஒரு எச்சரிக்கை

நம் சமூகத்தாரின் கை தாராளமானது. எங்கே துயரம் என்று கேட்டாலும், வீட்டில் உள்ளதை வாரிக்கொடுப்பது நம் வழக்கம். ஆனால் ஆச்சேக்கு அனுப்பப்பட்ட மருந்துகள் சுமார் 4,000 டன் என்று பிறகு கணக்கெடுத்தார்கள். அவற்றில் பத்தில் ஏழு பங்கு, அவ்வூர் வைத்தியர்களுக்கு வாசிக்கத் தெரியாத பாஷையில் பெயர் ஒட்டப்பட்டவை. பல, காலாவதி ஆனவை அல்லது விரைவில் ஆகப் போகிறவை. அவற்றைப் பிரிக்கவும் பத்திரமாக அழிக்கவும், நோயாளியைப் பார்க்க வேண்டிய கைகள் செலவாயின. ஆகவே மிஞ்சிய மாத்திரைகளை மூட்டை கட்டி அனுப்புவது தர்மமாகாது. கேட்டதைக் கொடுப்பதும், கேட்கவில்லையானால் பணமாகக் கொடுப்பதும்தான் உதவி.

நம் தோட்டங்களுக்கு என்ன வழி?

முற்காலத்தில் பெரிய தோட்டங்களில் தோட்ட ஆஸ்பத்திரி இருந்தது. டிரஸ்ஸர் ஐயா இருந்தார். இன்று பல தோட்டங்கள் கைமாறின, துண்டாயின, செம்பனைக்கு மாறின, வீட்டுமனைகளாயின. லயங்களில் எஞ்சியிருப்போரில் வயோதிகர்கள் அதிகம். சிரம்பான், போர்ட்டிக்சன், கோலப்பிலா ஆஸ்பத்திரிகள் நல்ல சாலையில் அருகில்தான் இருக்கின்றன. சாலை இல்லாத நாளில்தான் அவை கடலுக்கு அப்பால் போய்விடுகின்றன.

வெள்ள நிதியைக் கொண்டு ஒரு வேன் வாங்கி ஆஸ்பத்திரி வண்டியாக மாற்ற வேண்டும் என்று நம் சங்கத்தில் சிலர் யோசனை கூறுகிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் போற்றுகிறோம். ஆனால் மேலே படித்த பாடங்களின்படி பார்த்தால், வேன் கடைசியில் வர வேண்டியது. பாலம் உடைந்த நாளில் வேன் இக்கரையில்தான் நிற்கும். டிரைவர், பயிற்சி பெற்றவர், லைசென்ஸ், பழுதுபார்ப்பு ஆகிய செலவுகளைக் கணக்கிடாமல் வாங்கிய வண்டி, இரண்டாம் ஆண்டில் கொட்டகையில் துருப்பிடிக்கும். அதற்கு முன் செய்ய வேண்டியவை இவை:

1. ஒரு நோட்டுப்புத்தகம். ஒவ்வொரு லயத்திலும் படுக்கையில் இருப்போர், கர்ப்பிணிகள், இன்சுலின் போடுவோர், டயாலிசிஸ் செல்வோர் யார் யார் என்று அவரவர் சம்மதத்தோடு எழுதி வைக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செல்பவருக்கு நான்கு நாள் வெள்ளம் மரண தண்டனைக்குச் சமம். மழை எச்சரிக்கை வந்தவுடன், வழி அடைபடுமுன் அவரைப் பட்டணத்தில் உறவினர் வீட்டில் சேர்த்துவிட வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை, நினைவு தேவை.

2. அந்த நோட்டில் இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளத்திலிருந்து வந்து வேலை செய்பவர்களின் பெயரும் இருக்க வேண்டும். அவர்கள் நம் பாஷை பேசாதவர்கள், சிலர் அதிகாரிகளுக்கு அஞ்சி ஒதுங்குபவர்கள். வெள்ளம் அடையாள அட்டை பார்ப்பதில்லை. நாமும் பார்க்கக் கூடாது.

3. ஒரு மேட்டிடம். தோட்டத்தில் உயர்ந்த இடத்தில் உள்ள சூராவோ, கோயிலோ, பள்ளிக்கூடமோ எதுவாயினும், எல்லோரும் ஒப்பி முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். சமீபத்தில் ஹெலிகாப்டர் இறங்கவோ படகு அணையவோ தக்க இடத்தையும் பார்த்து வைப்பது நலம்.

4. ஒரு பெட்டி. சுத்தமான துணி, கட்டுத்துணி, சோப்பு, கையுறை, டார்ச் விளக்கு, உப்பு, சர்க்கரை ஆகியவை மூடியுள்ள பெட்டியில் இருக்கட்டும். வயிற்றுப்போக்குக்கு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு சமமட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். மின்சாரம் நின்றால், இன்சுலினை ஈரமண் பானையில் வைத்துக் குளிர்ச்சி காக்கலாம்.

5. இரு கைகள். ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் முதலுதவிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பெண்கள் வரவேண்டியது மிக அவசியம். நள்ளிரவில் பிரசவ வேதனை கண்டால் முதலில் அழைக்கப்படுபவர் அவரே.

6. ஒரு குரல். 999 என்ற எண்ணை அறியாதவர் இல்லை. ஆனால் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்தப் பாலம் உடைந்தது, எத்தனை பேர் என்று பதற்றமில்லாமல் சொல்லத் தெரிந்தவர் சிலரே. அதையும் பழக வேண்டும்.

இவை ஆறும் அமைந்துவிட்டால், அரசாங்கத்தின் குழுவோ தொண்டு நிறுவனத்தின் குழுவோ வந்து சேரும்போது, யாரை முதலில் பார்ப்பது என்று தேடித் திரியாமல், நோட்டைப் பார்த்து வேலையைத் தொடங்கும். நகரும் ஆஸ்பத்திரியின் முதற்பாதி நம்மிடமே இருக்கிறது. பிற்பாதிதான் வெளியிலிருந்து வர வேண்டியது. ஆண்டிறுதி மழைக்கு முன் ஒவ்வொரு கிளையும் நோட்டுப்புத்தகத்தையாவது தொடங்கிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

வகுப்பில் பேசுவதற்குச் சில கேள்விகள்

அ. உங்கள் தோட்டத்துக்குள் வர எத்தனை வழிகள்? அவற்றில் வெள்ளத்தில் முதலில் மூழ்குவது எது?

ஆ. உங்கள் லயத்தில் மூன்று நாள் மருந்து நின்றால் ஆபத்துக்குள்ளாகும் ஒருவரின் பெயரை உங்களால் இப்போது சொல்ல முடியுமா?

இ. இரண்டாம் தர ஆஸ்பத்திரியின் தண்ணீர்க் கணக்கைப் போல, மேட்டிடத்தில் தங்கப்போகும் உங்கள் மக்களுக்கு மூன்று நாளைக்கு வேண்டிய தண்ணீரைத் தலைக்கு 15 லிட்டர் வீதம் கணக்கிடுக. அது எங்கிருந்து வரும்?

ஈ. சிமுலுவின் பாட்டிமார் சொல்லித் தந்ததைப்போல, பழைய வெள்ளங்களைப் பற்றி உங்கள் தோட்டத்து முதியவர்கள் அறிந்தவை யாவை? அவற்றைக் கேட்டு எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வருக.